ஒரே ஒடிப்பில் திரும்பிய வண்டி

நீலகிரி மலையில் மஞ்சூரிலிருந்து கெத்தை, முள்ளி வழியாகக் காரமடைக்கு இறங்கும் சாலையில் 43 கொண்டை ஊசி வளைவுகள். சின்ன வயதில் எங்களுக்கு ஒரு வண்டியின் தரத்தைச் சொல்ல அந்த வளைவுகளே போதும். ஒரே ஒடிப்பில் திரும்பினால் நல்ல வண்டி. பாதியில் நின்று, பின்னால் எடுத்து, மறுபடியும் ஒடித்தால் அது கீழ்நாட்டு வண்டி. அம்பாசடர்களில் பல இரண்டாவது வகை. நாலேகால் மீட்டருக்கு மேல் நீளம். ஏற்றத்தில் பாதி வழியிலேயே ரேடியேட்டர் கொதித்துவிடும். ஓட்டுநர் இறங்கி, பாறையில் வழியும் தண்ணீரைத் தகர டப்பாவில் பிடித்து ஊற்றி, ஆறவிட்டு, பிறகுதான் கிளம்புவார்.

மாருதி 800 வந்த பிறகு அந்தக் காட்சி எங்கள் பக்கம் மெல்ல மறைந்தது. சுமார் 3.3 மீட்டர் நீளம், 650 கிலோ எடை, மூன்று சிலிண்டர், 796 சிசி. குதிரைத்திறன் நாற்பதைக்கூடத் தொடாது. தாளில் பார்த்தால் மலைக்கு லாயக்கில்லாத வண்டி. ஆனால் எங்கள் குந்தா பகுதியின் சாலைகளில் அதைப்போல் லாகவமாக ஏறி இறங்கிய வேறொரு காரை நான் பார்த்ததில்லை.

குந்தா பாலத்துக்குப் பக்கத்தில் மின்வாரியக் குடியிருப்பில் நான் வளர்ந்தேன். கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடா நாட்டு உதவியுடன் கட்டிய குந்தா மின்நிலையத்தில் அப்பாவுக்கு வேலை. ஜீப்பும் லாரியும் போவதற்காக அந்தத் திட்டம் போட்ட சாலைகள்தான் இன்றும் இந்தப் பக்கத்தின் நரம்புகள். அன்று குடியிருப்பில் யாருக்கும் சொந்தக் கார் கிடையாது. வாரியத்து ஜீப் அதிகாரிகளுக்கு. மற்றவர்களுக்குச் சேரன் பஸ். சாயங்காலக் கடைசி பஸ் போய்விட்டால், காலையில் முதல் பஸ் வரும்வரை ஊட்டி என்பது வேறு நாடு.

எங்களுக்குப் பால் கொடுத்த படுகர் வீட்டுப் பெரியவரை எல்லோரும் கவுடர் என்றே கூப்பிடுவோம். சிறு தேயிலை விவசாயி. 1996-இல் அவர் வெள்ளை நிற மாருதி 800 வாங்கினார். அன்றைக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் ரூபாய். இலைக்கு நல்ல விலை கிடைத்துக்கொண்டிருந்த காலம். அவருடைய ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், அதுதான் முதல் கார். வண்டி வந்த அன்று மஞ்சூர் பஜாரிலிருந்தே பையன்கள் பின்னால் ஓடினோம். ஏற்றத்தில்கூட எங்களால் அதைப் பிடிக்க முடியவில்லை.

மறு வருடம் ஆடி மழையில் ஒரு ராத்திரி, என் தங்கைக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. உதடு நீலம் பாரித்துவிட்டது. அப்பா குடைகூட எடுக்காமல் கவுடர் வீட்டுக்கு ஓடினார். "கவுடரே, பாப்பாவுக்கு மூச்சு வாங்குது" என்றதற்கு, அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "குழந்தையைக் கம்பளியில சுத்துங்க சார், நான் வண்டிய இறக்குறேன்" என்று மட்டும் சொன்னார். சோக்கை இழுத்துப் பார்த்தார், பேட்டரி முனகியது. ஆனால் வண்டி எப்போதும்போல் மூக்கு இறக்கத்தைப் பார்த்தபடி நின்றிருந்தது. சக்கரத்துக்கு அண்டை கொடுத்திருந்த கல்லை அப்பா எடுத்துவிட, பத்தடி உருண்டதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. மேகம் சாலைவரை இறங்கியிருந்தது. விளக்கு வெளிச்சம் நான்கு முழத்துக்கு மேல் போகவில்லை. அப்பா இடது ஜன்னல் வழியே தலையை நீட்டி, சாலை ஓரத்தைப் பார்த்து, "வரலாம், வரலாம், வலது ஒடிங்க" என்று சொல்லச் சொல்லக் கவுடர் ஓட்டினார். ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். ஊட்டி பெரியாஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றபோது தங்கைக்கு நினைவு இருந்தது. இன்று அவளுக்கு இரண்டு பிள்ளைகள்.

இந்த ஒரு ராத்திரிக்காக மட்டும் அந்தக் காரைப் பற்றி எழுதவில்லை. குந்தா சீமையில் அந்தக் காலத்தில் கார் வாங்கிய பெரும்பாலான வீடுகளில் இப்படியொரு ராத்திரி இருக்கும். 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டுக்கு வந்தது 2008 செப்டம்பரில். அதற்கு முன்னால் மலைக்கிராமங்களின் ஆம்புலன்ஸ், பிரசவ வண்டி, பரீட்சைக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோய்விடும் வண்டி எல்லாமே யாரோ ஒரு பக்கத்து வீட்டுக்காரரின் மாருதிதான். கார் ஒருவர் பெயரில் இருக்கும், உரிமை ஊருக்கே இருக்கும்.

அந்த வண்டி எங்கிருந்து வந்தது என்பதிலும் நமக்குச் சொந்தமான கதை ஒன்று உண்டு. 1981-இல் அரசு தொடங்கிய மாருதி உத்யோக் நிறுவனத்தைக் கட்டி எழுப்பிய வெ. கிருஷ்ணமூர்த்தி தஞ்சைப் பக்கத்துக் கருவேலி கிராமத்துக்காரர். இளம் வயதில் மின்துறையில் வேலை பார்த்தவர், திருச்சி பெல் ஆலையை வளர்த்தவர். அவர் மின்துறை ஆள் என்பதில் என் அப்பாவுக்குக் கடைசிவரை ஒரு பெருமை. 1982 அக்டோபரில் ஜப்பானின் சுசுகியோடு ஒப்பந்தம். 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி முதல் காரின் சாவியை டெல்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங்கிடம் கொடுத்தார். விலை 47,500 ரூபாய். பதினான்கே மாதத்தில் ஒரு புது ஆலையிலிருந்து கார் வெளிவந்தது அன்றைய இந்தியாவில் நம்ப முடியாத வேகம். அதற்கு முன் கார் என்றால் அம்பாசடர் அல்லது பிரீமியர் பத்மினி, அதற்கும் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

மலைக்காரர்களான எங்களுக்கு விலையைவிட வேறு மூன்று விஷயங்கள் முக்கியம். முன்சக்கரங்கள் இழுக்கும் வண்டி என்பது முதலாவது. எஞ்சின் பாரம் அந்தச் சக்கரங்களின் மேலேயே உட்கார்ந்திருப்பதால் ஈரச் சாலையில் பிடிமானம் நன்றாக இருக்கும். பின்சீட்டில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு செங்குத்தான மண்பாதையில் ஏறினால் மட்டும் முன்பாரம் குறைந்து சக்கரம் வழுக்கும். அப்போது இரண்டு பையன்கள் பானெட்டின் மேல் ஏறி உட்காருவோம், வண்டி ஏறிவிடும். எடை இரண்டாவது. சாக்கடையில் இறங்கிவிட்டால் கிரேன் வேண்டாம், தோட்டத்தில் வேலை செய்யும் ஐந்தாறு பேர் கைகொடுத்தால் மேலே வந்து நிற்கும்.

மூன்றாவதுதான் பெரியது. அதை யார் வேண்டுமானாலும் பழுது பார்க்கலாம். மஞ்சூர் பஜாரில் எங்களுக்கெல்லாம் வண்டி பார்த்த மெக்கானிக் அண்ணன், "பத்து, பன்னிரண்டு, பதினாலு. இந்த மூணு ஸ்பேனர் இருந்தாப் பாதி வண்டியைக் கழட்டிரலாம் தம்பி" என்பார். உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது. கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் பங்கு மிஞ்சிப் போய், கரும்புகை கக்கி, பிளக் கரி பிடித்துவிடும். கோயம்புத்தூரில் சரியாக ஓடிய வண்டி மஞ்சூரில் இருமும். அவர் காதை எஞ்சின் பக்கம் சாய்த்து, ஸ்க்ரூவை அரைத் திருகு திருகி, நம் ஊர்க் காற்றுக்கு அதைப் பழக்கிவிடுவார். மேகம் இறங்கும் மாதங்களில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் புகுந்து வண்டி அடம்பிடிக்கும். மூடியைக் கழற்றிக் காய்ந்த துணியால் துடைத்தால் போதும். இதைப் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும்கூடச் செய்வார்கள். டிசம்பர், ஜனவரியில் எமரால்டு, அவலாஞ்சி பக்கம் உறைபனி விழும் காலைகளில் எவ்வளவு நேரம் சோக் இழுத்து வைக்க வேண்டும் என்பதெல்லாம் வீட்டுக்கு வீடு கைப்பழக்கமாக இருந்தது. ஒரு பொருளைப் பற்றி ஒரு ஊருக்கே இவ்வளவு தெரிந்திருப்பது எளிதில் அமையாது.

பிறகு கெட்ட காலம் வந்தது, காருக்கு அல்ல, இலைக்கு. 1990-களின் கடைசியில் உச்சத்தில் இருந்த பச்சைத் தேயிலை விலை 2000 வாக்கில் அடியோடு சரிந்தது. சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு நீலகிரித் தேயிலை நம்பியிருந்த அந்தப் பெரிய சந்தை நிலையற்றுப் போனது. அந்த வருடங்களில் குந்தாவில் எத்தனையோ வீடுகளில் நகை போயிற்று. நிலம் அடமானத்துக்குப் போயிற்று. பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போனார்கள். ஆனால் மாருதியை விற்றவர்கள் குறைவு. விற்றாலும் அது ஹட்டி விட்டு ஹட்டிதான் போயிற்று. வேறு எதையும் வாங்க முடியாத காலத்தில் அதை வைத்திருக்க முடிந்தது என்பதைத்தான் நான் அந்தக் காரின் மிகப் பெரிய குணமாகச் சொல்வேன்.

2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட 13 பெருநகரங்களில் பாரத் ஸ்டேஜ் 4 புகைக் கட்டுப்பாடு வந்தது. மாருதி 800-ஐ அந்த அளவுக்கு மேம்படுத்துவதில்லை என்று நிறுவனம் முடிவு செய்தது. அன்றிலிருந்து பெருநகரங்களில் விற்பனை நின்றது. அதற்குப் பிறகு கிட்டத்தட்ட நான்கு வருடங்கள் அது எங்களைப் போன்ற சிறிய ஊர்களின் கார். 2014 ஜனவரி 18 அன்று குர்கான் ஆலையில் உற்பத்தியும் முடிந்தது. முப்பது வருடங்களில் 28 லட்சத்துக்கு மேல் தயாராகி, அதில் 26 லட்சத்துக்கு மேல் இந்தியாவிலேயே விற்றிருந்தது. கடைசி வண்டி மேகாலயாவின் ஷில்லாங்குக்குப் போனது. அதுவும் ஒரு மலை ஊர் என்று படித்தபோது எனக்கு மனசு என்னவோ செய்தது. அதே வருடம் மே மாதம் அம்பாசடரும் நின்றது.

அப்போது யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை, நானும்தான். ஆல்டோ 800 இருந்தது, அதே அளவு எஞ்சின். பள்ளிப் பிள்ளைகளுக்கும் சுற்றுலா வாடகைக்கும் மூட்டைமுடிச்சுக்கும் ஆம்னி வேன் இருந்தது, அதிலும் அதே 796 சிசி. பெரியவன் போனாலும் தம்பிகள் வீட்டைப் பார்த்துக்கொள்வார்கள் என்ற நிம்மதி. 2019-இல் ஆம்னி நின்றது. 2023 ஏப்ரல் 1 முதல், சோதனைச்சாலையில் அளக்கும் புகை போதாது, சாலையில் ஓடும்போதும் அளவுக்குள் இருக்க வேண்டும் என்ற விதி வந்தபோது ஆல்டோ 800-உம் நின்றது. அதோடு அந்த வீட்டுக் கதவு சாத்தியாயிற்று. சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் தயாரான டாட்சன் ரெடி-கோ என்ற இன்னொரு சின்னக் கார் அதற்கு முந்தைய வருடமே போய்விட்டது. பாகிஸ்தானில் இதே குடும்பத்தைச் சேர்ந்த மெஹ்ரான் என்ற கார் முப்பது வருடம் ஓடி 2019-இல் நின்றது. அங்கே வேறொரு ஆல்டோவாவது அந்த இடத்துக்கு வந்தது.

இங்கும் ஆல்டோ கே10 இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. நல்ல வண்டி, ஆயிரம் சிசி. 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததில் விலையும் இறங்கியது. அப்படியும் சாலை வரி, காப்பீடு எல்லாம் சேர்த்தால் நான்கு லட்சத்தைத் தாண்டும். இலைக்குக் கிலோ முப்பது ரூபாய்க்கு மேல் கேட்டு 2023 செப்டம்பரில் நீலகிரியில் உண்ணாவிரதம் இருந்த விவசாயிக்கு அது எட்டும் தூரம் இல்லை. முதல் கார் வாங்கும் குடும்பத்துக்கென்றே யோசித்துச் செய்த ஒரு வண்டி, அதன் இடத்தில் இன்னொன்று என்பது இன்று யாருடைய திட்டத்திலும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. இந்தியாவில் இன்று விற்கும் கார்களில் பாதிக்கு மேல் உயர்ந்த, அகலமான எஸ்யூவி வகை.

விதிகளை நான் குறை சொல்லவில்லை. 2014 ஜனவரியில், 800 நின்ற அதே மாதத்தில், குளோபல் என்கேப் அமைப்பு ஆல்டோ 800 உட்பட இந்தியாவின் சின்னக் கார்களை மோதிப் பார்த்துப் பூஜ்யம் நட்சத்திரம் கொடுத்தது. மாருதி 800-இல் ஏர்பேக் கிடையாது. கதவுத் தகடு கட்டைவிரலால் அழுத்தினால் உள்வாங்கும். குந்தாவில் பள்ளத்தில் உருண்ட மாருதியிலிருந்து எடுத்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். அந்த வீடுகளின் முன்னால் நின்று பழைய கார்தான் நல்ல கார் என்று சொல்ல என் நாக்கு எழாது. ஏர்பேக் வேண்டும், ஏபிஎஸ் வேண்டும், புகையும் குறைய வேண்டும். இந்த மலைக்கு வரும் காற்றை நாங்களே கரியாக்கிவிட்டு, மழை மாறிவிட்டது என்று புலம்ப முடியாது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மில்லிமீட்டர் மழை கொட்டி மண் சரிந்து சாலைகள் அறுந்ததை நேரில் பார்த்தவர்கள் நாங்கள்.

ஆனால் பாதுகாப்பான கார் எட்டாமல் போனவர் எதில் போகிறார் என்று பாருங்கள். அவர் பைக்கில் போகிறார். முன்னால் பிள்ளை, பின்னால் மனைவி, அவள் மடியில் கைக்குழந்தை. கெத்தைச் சாலையில் மேகத்துக்குள், யானை நிற்கக்கூடிய வளைவில். பூஜ்யம் நட்சத்திரத்துக்கும் கீழே ஒரு நட்சத்திரக் கணக்கு இருந்தால் அது இந்தப் பயணத்துக்குத்தான். கார்த் தயாரிப்பாளர்களிடமும் அரசிடமும் எனக்கு இருக்கும் ஒரே வழக்கு இதுதான். விதியைக் கூட்டும்போது, அந்த விதிக்குள் அடங்கும் எளிய வண்டி ஒன்று இருக்கிறதா என்று யாராவது பார்த்திருக்க வேண்டும்.

மற்றபடி இன்று குந்தாவில் போக்குவரத்தே இல்லை என்று சொன்னால் அது பொய். 108 வருகிறது. ஊட்டியில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறந்தாயிற்று. பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் 2024-இல் மலைப்பகுதிக்கும் வந்த பிறகு, மஞ்சூர் பஸ்ஸில் பெண்களின் கூட்டத்தையும் பேச்சையும் பார்க்க வேண்டும். ஊட்டிச் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் யாரிடமும் காசு கேட்காமல் போய்வருகிறார்கள். என் அம்மாவுக்கு இது வாய்க்கவில்லையே என்று நினைத்துக்கொள்வேன். கேரட்டும் முட்டைக்கோசும் ஏற்றிக்கொண்டு பிக்கப் வண்டிகள் விடியுமுன்பே ஓடுகின்றன. விடுமுறை நாட்களில் அவலாஞ்சிக்குப் போகும் வெளியூர் எஸ்யூவிகள் சாலையை அடைத்துக்கொள்கின்றன. ஒன்றுக்கொன்று வழிவிட முடியாமல், யார் பின்னால் எடுப்பது என்று கண்ணாடிக்குள்ளிருந்தே கையசைத்துக்கொண்டு நிற்கின்றன. அந்த இடத்தில் ஒரு மாருதி வந்தால் மண் ஓரத்தில் இரண்டு சக்கரத்தை இறக்கிப் போய்விடும்.

மெக்கானிக் அண்ணன் இப்போதும் கடை வைத்திருக்கிறார், பெரும்பாலும் பைக்குகள். புது வண்டிகளுக்கு ஸ்கேனர் வேண்டும். அது கோவையில் இருக்கிறது. இரும்பு அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா நிறையக் கார்புரேட்டர் ஜெட், ஊசி, வாஷர் வைத்திருக்கிறார். கழித்துக்கட்டிய வண்டிகளிலிருந்து எடுத்துச் சேர்த்தவை. "எங்கயாவது ஒரு வண்டி ஓடிட்டு இருக்கும்ல, அதுக்கு வேணும்" என்றார்.

ஓடிக்கொண்டிருக்கும் அந்த வண்டிகளில் கவுடருடையதும் ஒன்று. இந்த வருடம் அதற்கு முப்பது வயது. பதினைந்து வருடத்துக்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஊட்டி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2011-இல் புதுப்பித்தார், 2016-இல், 2021-இல். அப்போது கட்டணம் 600 ரூபாய். 2022-இல் அது 5,000 ஆயிற்று. 2025 ஆகஸ்டில் வந்த திருத்தப்படி இருபது வருடம் தாண்டிய காருக்கு 10,000. பழைய வண்டியைச் சாலையிலிருந்து எடுக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு. கிலோ இலை இருபது ரூபாய் என்று வைத்தால் 500 கிலோ. கவுடர் இதை விரல் விட்டுக் கணக்குப் போட்டுக் காட்டினார். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது.

பேரன் கோவையில் கணினி வேலையில் இருக்கிறான். பெரிய வண்டி வைத்திருக்கிறான். ஹட்டிக்குள் அது நுழையாது. மேல்ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்துதான் இறங்கி வருவான். வண்டியைக் கொடுத்துவிடலாம் தாத்தா, இரும்புக்குப் போட்டாலும் கொஞ்சம் வரும் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தானாம். போன மாதம் நான் போயிருந்தபோது, புதுப்பிப்புக்காக வண்டிக்குப் பெயின்ட் ஒட்டு வேலை நடந்துகொண்டிருந்தது. பேரனேதான் உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தான். பணமும் அவன்தான் கட்டுகிறானாம்.

"தங்கச்சி எப்படி இருக்கா?" என்று கவுடர் கேட்டார். பார்க்கும்போதெல்லாம் முதலில் இதைத்தான் கேட்பார். நன்றாக இருக்கிறாள், பெரியவள் இப்போது பத்தாவது என்றேன். தலையாட்டிக்கொண்டார். பேரன் ஸ்டார்ட் செய்து பார்க்க உட்கார்ந்தான். சாவியைத் திருப்பினான், இரண்டு தடவை முனகிவிட்டு நின்றது. கவுடர் கைத்தடியால் முன்சக்கரத்தைக் காட்டினார். நான் குனிந்து கல்லை எடுத்தேன்.